கீழே பறக்கும் விமானம்

ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்றொரு இடம் இருக்கிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கும் கீழே சேலம் நகரமும் அங்கிருந்து தெரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேட்டூர் அணைத் தண்ணீர்கூடப் பளபளக்கும். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சாயங்காலங்களில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாளாம், அதனால் அந்தப் பெயர். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட் என்று இன்னும் இரண்டு உண்டு. பெயர் வைத்தவர்கள் ஒரு முழுக் குடும்பத்தையும் உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்திருக்கிறார்கள். மலையின் காப்பித் தோட்டங்களில் குனிந்து பழம் பறித்த பெண்களுக்கு மட்டும் எங்கும் இருக்கை இல்லை. என் அம்மா அவர்களில் ஒருத்தி.

மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு சொல்லித் தருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். மேற்கே, கண்ணுக்குக் கீழே, தும்பி அளவில் ஒரு சின்ன விமானம் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நாங்கள் நின்றதோ ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஓடுதளத்துக்கு மேலே ஆயிரம் அடியில் சுற்றிவரும் பயிற்சி விமானத்தை நாங்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். விமானத்தின் முதுகைப் பார்த்து வளரும் பிள்ளைகள் எங்கள் மலைப் பிள்ளைகள்.

"மிஸ், ஒரு டவுட்டு" என்றாள் ஒரு மாணவி. மலையாளி பழங்குடிக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா எஸ்டேட்டில் வேலை. "ஹிஸ்டரி குரூப் படிச்சா பைலட் ஆக முடியுமா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பதில் தெரியாததால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன். பார்க்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது விதிமுறை மட்டுமல்ல, ஒரு வரலாறும் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விதியைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? நான் 1924-இலிருந்து தொடங்குகிறேன். முதல் உலகப்போர் முடிந்ததும் வான்வழிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த நாடுகள் சேர்ந்து பன்னாட்டு வான்வழி ஆணையம் ஒன்றை அமைத்திருந்தன. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தை இயக்கும் வேலையில் பெண்கள் இருக்கக் கூடாது என்று அந்த ஆணையம் 1924-இல் முடிவெடுத்தது. விமானிக்கு வேண்டிய உடல் தகுதிகளைச் சொல்லும் பட்டியலில் கை கால் செயல்பட வேண்டும், கண் தெரிய வேண்டும் என்பவற்றோடு ஆணாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதியாக இடம்பிடித்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மாதவிடாய். அந்த நாட்களில் பெண் தடுமாறுவாள், அவளை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் கோயிலுக்குள் வராதே என்று சொல்பவர்களும் அந்த மருத்துவர்களும் பேசிய மொழிதான் வேறு.

அதை எதிர்த்து நின்றவர் அயர்லாந்துக்காரரான சோஃபி எலியட்-லின், பிற்பாடு லேடி ஹீத் என்று அறியப்பட்டவர். தடகள வீராங்கனை. மாதத்தின் எந்த நாளிலும் தன்னால் விமானம் ஓட்ட முடியும் என்பதைத் தன் உடலையே சோதனைக்குக் கொடுத்து நிரூபித்தார். 1926-இல் ஆணையம் தடையை விலக்கிக்கொண்டது. பிரிட்டனில் வணிக விமானி உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. நான்கு வருடம் கழித்து, 1930 மே மாதத்தில், ஏமி ஜான்சன் என்ற ஆங்கிலப் பெண் ஜிப்ஸி மாத் என்ற சின்ன விமானத்தில் லண்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, கராச்சி, அலகாபாத், கல்கத்தா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். பத்தொன்பது நாள் பயணம்.

அதே ஜிப்ஸி மாத் வகை விமானத்தில்தான் 1936-இல் லாகூரில் சரளா தக்ரால் தனியாகப் பறந்தார். இருபத்தொரு வயது. நான்கு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். சேலை கட்டிக்கொண்டு விமானத்தில் ஏறினார். அந்தப் படத்தை நீங்களும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் முதல் பெண் விமானி என்று இவரைத்தான் சொல்வார்கள், ஆனால் 1932-இலேயே ஊர்மிளா பரீக் உரிமம் வாங்கியதாகவும் பதிவு இருக்கிறது. யார் முதல் என்ற போட்டியில் எனக்கு அக்கறை குறைவு. முதல் ஆளைத் தேடிப் பூமாலை போட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது, நூறாவது பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

சரளாவின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது சேலை இல்லை, அவருடைய புகுந்த வீடு. கணவர் பி.டி. சர்மா தபால் விமானம் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் ஒன்பது பேர் விமானிகள். மாமனார் ஊக்கம் கொடுத்தார். வீட்டிலேயே வானம் இருந்தது. ஆயிரம் மணி நேரம் பறந்து 'ஏ' உரிமம் பெற்றார் சரளா. இது தனியார் விமானிக்கான உரிமம். கூலி வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாது. சம்பாதிக்க வேண்டுமென்றால் 'பி' உரிமம் வேண்டும். 1939-இல் கணவர் விமான விபத்தில் இறந்துபோனார். இருபத்துநான்கு வயது விதவை, பிள்ளைகளோடு, 'பி' உரிமத்துக்குப் படிக்க ஜோத்பூர் போனார். உலகப்போர் மூண்டது, பொதுமக்களுக்கான விமானப் பயிற்சி நின்றது. அவர் லாகூர் திரும்பி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிரிவினைக்குப் பிறகு டெல்லி வந்து நகை வடிவமைப்பு, துணி வடிவமைப்பு என்று தன் காலில் நின்றார். 2008-இல் காலமானார். மறுபடி விமானியாகவில்லை.

பொழுதுபோக்காகப் பறக்கும்வரை கைதட்டினார்கள். சோற்றுக்காகப் பறக்க வேண்டிய நேரத்தில் கதவு மூடிக்கிடந்தது. போர்தான் மூடியது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, சரி. ஆனாலும் 'ஏ'வுக்கும் 'பி'க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பெண்களின் வேலை வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சமைக்கலாம், சமையல்காரர் ஆக முடியாது. தைக்கலாம், கடையில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஆண்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். உஷா சுந்தரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் ஆசிரியை, வரலாறு படித்தவள், இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை நான் கேள்விப்பட்டதில்லை. 1924-இல் பிறந்தவர். ஆமாம், பெண்கள் விமானம் ஓட்டக் கூடாது என்று அந்த ஆணையம் முடிவெடுத்த அதே ஆண்டு. 1941-இல் பதினாறு, பதினேழு வயதில் கல்யாணம். கணவர் வி. சுந்தரம் சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, கற்றும் கொடுத்தவர். 1946-இல் குடும்பம் பெங்களூருக்குப் போனது. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் விமானி. உஷா அவரோடு டக்கோட்டாவில் துணை விமானியாகப் பறந்தார். நேரு, பட்டேல் போன்றவர்கள் இந்தத் தம்பதி ஓட்டிய விமானத்தில் பயணம் செய்திருக்கிறார்கள். பிரிவினைக் கலவரத்தில் சிக்கியவர்களைப் பாகிஸ்தானிலிருந்து மீட்டுவரும் பயணங்களிலும் உஷா இருந்தார். 1949-இல் பெங்களூர் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றார். அந்தப் பள்ளியில் தேறிய முதல் பெண் அவர்.

1951-இல் நடந்ததைத்தான் நான் வகுப்பில் இரண்டு முறை சொன்னேன். அன்றைய மெட்ராஸ் அரசு டி ஹாவிலாண்ட் டவ் என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கியது. அதை எடுத்துவர உஷாவும் சுந்தரமும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார்கள். திரும்பும்போது லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து சேர்த்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் அது சாதனை. இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏறி, இரவும் பகலும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று உஷாவை அறிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் அவரை வேறொன்றுக்காக அறிந்திருக்கிறார்கள். சென்னையில் அடிபட்ட நாயைப் பார்த்தால் நாம் கூப்பிடும் ப்ளூ கிராஸ் அமைப்பை 1959-இல் தொடங்கியது இந்தத் தம்பதிதான். 2010-இல் உஷா மறைந்தார்.

உஷாவுக்கும் சரளாவுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேருக்கும் வானத்தின் சாவி கட்டிய கணவர் வழியாக வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கிடைத்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவர்கள், போய்த் தங்கள் கையால் ஓட்டினார்கள். ஆனால் அரசாங்க உரிமத்துக்கு முன்னால் வீட்டு உரிமம் என்று ஒன்று இருந்தது. விமானி கணவரோ மாமனாரோ இல்லாத பெண் என்ன செய்திருப்பாள்?

அதற்குப் பதில் பிரேம் மாத்தூர். அலகாபாத்தில் பயிற்சி பெற்று 1947-இல் வணிக உரிமத்தோடு வேலை தேடினார். எட்டு நிறுவனங்கள் மறுத்தன. பெண் ஓட்டினால் பயணிகள் ஏறப் பயப்படுவார்கள் என்றார்கள். ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் வேலை கொடுத்தது, துணை விமானியாக. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் ஜெயித்தார். பறந்த மணிநேரம் சேர்ந்தபின் தலைமை விமானியின் இருக்கையைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. பழைய காரணம்தான், பயணிகள் பயப்படுவார்கள். அவர் வேலையை விட்டார். பிறகு இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்து ஓய்வுபெறும்வரை பறந்தார்.

1984-இல் நிவேதிதா பாசின் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். பயணிகள் ஏறும்போது பெண் விமானி கண்ணில் பட்டால் பதறுவார்கள், சீக்கிரம் காக்பிட்டுக்குள் போய்விடுங்கள் என்று தன்னிடம் சொல்லப்பட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1947-க்கும் 1984-க்கும் நடுவில் 37 வருடம். அதற்குள் இந்த நாட்டில் ஒரு பெண் பிரதமராகப் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டார், பயணிகளின் பயம் மட்டும் அப்படியே இருந்தது. உண்மையில் எந்தப் பயணியையாவது கேட்டார்களா என்பதுதான் என் சந்தேகம். எங்கள் மலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கும் ஜனங்கள் நாங்கள். ஓட்டுநர் யார் என்று எட்டிப் பார்த்ததில்லை. 1985 நவம்பரில் கேப்டன் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதாவும் சேர்ந்து கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிச் சென்றார்கள். பணிக்குழு முழுக்கப் பெண்கள். 1990 ஜனவரி முதல் நாள் நிவேதிதா ஜெட் விமானத்தின் கேப்டன். அப்போது அவருக்கு 26 வயது.

இப்போது இந்தியாவில் விமானிகளில் நூறில் பன்னிரண்டு பேருக்கு மேல் பெண்கள். உலகச் சராசரி ஐந்து, ஆறு. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும்விட நாம் முன்னால் இருக்கிறோம் என்று படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு என் மாணவியின் கேள்வி ஞாபகம் வந்தது.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, பிறகு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தால் போச்சு என்று ஊரில் சொல்வது பொய், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருக்கக் கூடாது. வான்வழி வழிகாட்டல், வானிலையியல், வான் விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். அப்புறம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானம் அவள் பொறுப்பில். ஒரு ஊரிலிருந்து கிளம்பி, வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறி, 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 550 கிலோமீட்டர், ஒரு நீண்ட பயணம். இரவில் ஐந்து மணி நேரம். வெளியே எதுவும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு கருவிகளை மட்டும் நம்பி பத்து மணி நேரம்.

இந்தப் பட்டியலில் எங்கும் ஆண், பெண் என்ற சொல் இல்லை. 1924-இன் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரி போய்விட்டது. ஆனால் மலைப்பிள்ளைக்கு முதல் படியே வழுக்குகிறது. கணிதம், இயற்பியல். நான் படித்த பள்ளியில் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு இல்லை. அந்தப் பிரிவு வேண்டுமென்றால் கீழே இறங்கிச் சேலம் போய் விடுதியில் தங்க வேண்டும். பையன்களை அனுப்பினார்கள். "பொட்டப்புள்ளைய மலைய விட்டு எறக்கறதா?" என்றார் என் பெரியப்பா. கணக்கில் 93 வாங்கியிருந்த நான் வரலாறு எடுத்தேன். வரலாற்றை எனக்குப் பிடிக்கும், இன்று அதுதான் சோறு போடுகிறது. ஆனாலும் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் எரிச்சல் வரும். முப்பது வருடம் கழித்து என் மாணவி ஹிஸ்டரி குரூப்பில் உட்கார்ந்திருந்ததும் ஏறக்குறைய அதே கதை.

அடுத்தது பணம். பயிற்சிக்கு ஐம்பது லட்சம் ரூபாய்வரை ஆகிறது, சில இடங்களில் அதற்கும் மேல். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி அடமானம் கேட்கும். எனக்குத் தெரிந்த மலைவீடுகளில் பட்டா இருந்தால் அது அப்பா, சித்தப்பா, அண்ணன் பெயரில் இருக்கும். நூறு வருடம் முன்னால் ஆணையத்தில் உட்கார்ந்தவர்கள் போட்ட கையெழுத்தை இப்போது சித்தப்பா போட வேண்டும். ரேபரேலி அருகே ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி மத்திய அரசுடையது. நுழைவுத் தேர்வு உண்டு, இட ஒதுக்கீடும் உண்டு. ஆனால் கட்டணமும் உண்டு.

முடியவே முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2019-இல் ஒடிசாவின் மால்கன்கிரியிலிருந்து அனுப்பிரியா லக்ரா என்ற பழங்குடிப் பெண் பயணிகள் விமானத்தின் துணை விமானியானார். அப்பா போலீஸ்காரர். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனவர். மால்கன்கிரி எங்கள் சேர்வராயன் மலையைவிடப் பல மடங்கு ஒதுங்கிய ஊர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. காமலாபுரம் விமான நிலையம் 1993-இல் திறந்து, விமானம் வராமல் வெகுகாலம் பூட்டிக் கிடந்து, 2018 மார்ச்சில் மறுபடி திறந்தது. அதே ஆண்டில் விரிவாக்கத்துக்காக காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் 570 ஏக்கர் நிலம் எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். அழுதபடி மண்ணில் உட்கார்ந்த பெண்களின் படங்கள் பத்திரிகையில் வந்தன. ஒருத்தி மேலே ஏற இன்னொருத்தியின் வயல் ஓடுதளமாக வேண்டும் என்றால் நான் எந்தப் பக்கம்? என் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் யோசித்துவிட்டு, "இருக்கற ரன்வேயே போதும் மிஸ், சின்ன ப்ளேனுக்கு எதுக்கு அவ்ளோ?" என்றாள். அதற்குமேல் எனக்குப் பேச்சு எழவில்லை.

அவள் இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல் இரண்டு பாடம் மட்டும் எழுதலாம், அது செல்லும் என்று தெரிந்ததும் பணம் கட்டிவிட்டோம். கணக்கு நான் சொல்லித் தருகிறேன். முப்பது வருடம் துருப்பிடித்த கணக்கு. முதல் நாள் முக்கோணவியலைத் திறந்தபோது எனக்கே கை நடுங்கியது. இயற்பியலுக்கு வேறு ஆசிரியை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், காசு வாங்குவதில்லை. ஐம்பது லட்சம் எங்கிருந்து வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. பயிற்சி விமானி இல்லாவிட்டால் விமானப் பராமரிப்பு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று பக்கத்துக் கதவுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். அவள் அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள், திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

போன வாரம் திசையன் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். விமானம் வடக்கே இத்தனை வேகத்தில் போகிறது, மேற்கிலிருந்து காற்று இத்தனை வேகத்தில் அடிக்கிறது, விமானம் உண்மையில் எந்தத் திசையில் நகரும்? புத்தகத்திலேயே இருந்த கணக்கு. நான் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே அவள் விடை சொல்லிவிட்டாள். சரிபார்த்தால் ஒரு டிகிரி தள்ளி இருந்தது. "ஒரு டிகிரில என்ன மிஸ்?" என்றாள். அறுபது மைல் போனால் ஒரு மைல் தள்ளிப் போய்விடுவாய் என்றேன். மறுபடி போட்டாள்.